பச்சையம்மன் வண்டி



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் நாலு கட்டுரை வந்தாச்சு. நீயாவது வேற ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். வேறு என்ன எழுதுவது என்று யோசித்தபோது, இந்தச் சந்திப்பு விழாவுக்காக நாங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்த சண்டைதான் நினைவுக்கு வந்தது. சண்டை ஒரு பழைய தீயணைப்பு வண்டியைப் பற்றியது. வண்டி எங்களுடையது அல்ல, இந்த நாட்டு வண்டிகூட அல்ல. டி.வி. திரையில் பத்து விநாடி வந்து போன வண்டி.

நாங்கள் நாலு பேர். எல்லோரும் ஒரே பேட்ச், மெக்கானிக்கல். ஒருவன் லாரி பாடி கட்டும் பட்டறை நடத்துகிறான். ஒருவன் டிசைன் பிரிவில் இருக்கிறான். மூன்றாவது நண்பன் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலர். நாலாவது ஆள் நான். அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுத வேண்டும் என்றுதான் அந்த நிலைய அலுவலர் நண்பன் வீட்டில் கூடினோம். டி.வி.யில் 1970களின் பிரிட்டனைப் பற்றி ஒரு செய்திப்படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. திடீரென்று பட்டறைக்காரன் கத்தினான்.

"டேய், நிறுத்து, நிறுத்து! அந்த வண்டியைப் பாரு!"

படத்தைக் கொஞ்சம் பின்னே ஓட்டி நிறுத்தினோம். குளிர்காலத் தெரு. ஒரு போலீஸ் கார் முன்னே போகிறது. அதன் பின்னால் ஒரு தீயணைப்பு வண்டி. கூரை மேல் நீளமான ஏணி. பெட்டி மாதிரி உடம்பு. மூக்கு மட்டும் உருண்டை. எல்லாம் சரி, ஆனால் வண்டி சிவப்பாக இல்லை. பச்சை! நம் ஊர் ராணுவ லாரியின் பச்சை.

"டென்னிஸ் வண்டிடா" என்றான் டிசைன்காரன். "பிரிட்டிஷ் பயர் இன்ஜின்னா டென்னிஸ்தான்."

"லேலண்டா இருக்கும்" என்றேன் நான். நம் ஊரில் பிறந்தவனுக்கு லேலண்ட் என்பது சொந்தக்காரன் பெயர் மாதிரி.

"ரெண்டும் இல்ல. மூக்கைப் பாரு. இது பெட்போர்டு" என்றான் பட்டறைக்காரன்.

*  *  *

பழைய வண்டியைத் திரையில் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது ஒரு கலை. போலீஸ்காரர் கைரேகை பார்ப்பது மாதிரி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதலில் மூக்கு. கில்ட்போர்டு நகரத்து டென்னிஸ் கம்பெனி அந்தக் காலத்தில் செய்த நல்ல தீயணைப்பு வண்டிகளில் ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின் இருந்தது. 1950இல் வந்த டென்னிஸ் எப்-12 அப்படிப்பட்டது. ஆனால் அதன் முகம் வேறு. திரையில் இருந்த வண்டிக்கு, கண்ணாடிக்குக் கீழே புடைத்து நிற்கும் குட்டையான மூக்கு. இது 1950களின் 'பெரிய பெட்போர்டு' லாரிகளின் மூக்கு. பட்டறைக்காரன் சொன்னதுதான் சரி.

பெட்போர்டு என்ற பெயர் நம்மில் மூத்தவர்களுக்குப் புதிதல்ல. நம் நாட்டுச் சாலைகளிலும் பெட்போர்டு லாரிகள் ஓடியிருக்கின்றன. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் கார் கம்பெனியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1925இல் வாங்கியது. அந்த வாக்ஸ்ஹாலின் லாரிப் பெயராக 1931இல் வந்ததுதான் பெட்போர்டு.

இரண்டாவது, உயரம். பெட்போர்டில் அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட ஒரே முகமுள்ள இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று 'எஸ்' வகை, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண லாரி. மற்றது 'ஆர்.எல்.', நாலு சக்கரமும் இழுக்கும் ராணுவ லாரி. திரையில் இருந்தது நன்றாகத் தூக்கி நின்றது. வண்டி எங்களை நோக்கித் திரும்பிய அந்த ஒரு விநாடியில், முன் அச்சில் டிபரன்ஷியலின் உருண்டை தெரிந்தது. முன் அச்சில் டிபரன்ஷியல் இருந்தால் முன் சக்கரமும் இழுக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஆர்.எல்.

மூன்றாவது, நிறம். பிரிட்டனில் பச்சை நிறத்தில், ஏணி வைத்த, பெட்போர்டு ஆர்.எல். அடிச்சட்டத்தில் கட்டிய தீயணைப்பு வண்டி என்றால் அது ஒன்றே ஒன்றுதான். பெட்போர்டு ஆர்.எல்.எச்.இசட். 1953 முதல் 1956 வரை கட்டப்பட்டது. ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 110 குதிரைத்திறன். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கிரீன் காடஸ்'. பச்சைத் தேவி.

காபி கொண்டுவந்த நண்பனின் அம்மா இதைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

"என்ன தம்பி, பச்சைத் தேவியா? நம்ம பச்சையம்மனா?"

"அதேதாம்மா. வெள்ளைக்காரன் ஊர்ப் பச்சையம்மன்."

அன்றிலிருந்து எங்களுக்கு அது பச்சையம்மன் வண்டிதான். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

*  *  *

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். மாடல் தெரிந்துவிட்டது, வருஷம் தெரிந்துவிட்டது. பட்டறைக்காரன் வெற்றிக் களிப்பில் இரண்டாவது காபி கேட்டான். அதுவரை வாயே திறக்காமல் முகவரி எழுதிக்கொண்டிருந்த நிலைய அலுவலர் மெல்லக் கேட்டான்.

"டேங்க் எவ்வளவு? பம்பு எவ்வளவு?"

டேங்க் 300 காலன், பிரிட்டிஷ் காலன். அதாவது சுமார் 1,360 லிட்டர். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் எஸ் வகைப் பச்சையம்மனில் 400 காலன். பின்புறத்தில் பொருத்திய பம்பு நிமிஷத்துக்கு சுமார் 900 காலன், கிட்டத்தட்ட 4,000 லிட்டர் தள்ளும்.

"வகுத்துப் பாரு" என்றான்.

வகுத்தோம். பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் டேங்க் 20 விநாடியில் காலி!

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நான் மூக்கையும் அச்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரே ஒரு வகுத்தல் கணக்கில் வண்டியின் வயிற்றைப் பார்த்துவிட்டான்.

"இது தீயை அணைக்கன்னு முதல்ல யோசிச்சுக் கட்டின வண்டி இல்லடா" என்றான். "இது தண்ணியை எங்கிருந்தோ எங்கேயோ கொண்டுபோகக் கட்டின பம்பு. அதுக்கு நாலு சக்கரம் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அரசாங்கக் காகிதத்தில் அந்த வண்டியின் பெயரில் 'தீ' என்ற சொல்லே கிடையாது. 'தானாக நகரும் பம்பு' என்பதுதான் அதன் அதிகாரப்பூர்வமான பெயர். இருபது விநாடித் தண்ணீரோடு ஒரு வண்டியை ஏன் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள்? நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய அவசியம் லண்டன் தார்ச் சாலையில் என்ன? இதற்கு விடை தேடப் போய்த்தான் நான் சரித்திரத்துக்குள் விழுந்தேன்.

*  *  *

கதை 1940இல் தொடங்குகிறது. அந்த வருஷம் செப்டம்பர் 7 முதல் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் இரவு இரவாகக் குண்டு போட்டன. தீயணைப்புக்காரர்கள் போதாது என்று போருக்கு முன்பே, 1938இல், 'துணைத் தீயணைப்புப் படை' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். டாக்சி ஓட்டுநர், கடைக்காரர், குமாஸ்தா என்று பலதரப்பட்டவர்களும் அதில் சேர்ந்தார்கள். டாக்சியின் பின்னால் சிறிய பம்பைக் கட்டி இழுத்துக்கொண்டு தீக்குள் போனார்கள்.

1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனின் பழைய வியாபாரப் பகுதியான 'சிட்டி' மேல் தீக்குண்டுகள் மழையாகப் பொழிந்தன. பம்புகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் இல்லை. தெருவுக்கு அடியில் போன பெரிய குழாய்கள் வெடிகுண்டில் உடைந்துபோயின. தேம்ஸ் நதியில் எடுக்கலாம் என்றால் அன்று நதியில் வற்றம். தண்ணீர் கரையை விட்டு வெகு தூரம் உள்வாங்கியிருந்தது, இடையே சேறு. அந்த இரவை லண்டனின் இரண்டாவது பெருந்தீ என்றே இன்றும் சொல்கிறார்கள். செயிண்ட் பால் தேவாலயம் தப்பித்தது பெரிய காரியம்.

இன்னொரு கூத்தும் இருந்தது. அப்போது பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனித் தீயணைப்புப் படைகள். ஊருக்கு ஒன்று. ஓர் ஊரின் ஹோஸ் இணைப்பு இன்னோர் ஊரின் இணைப்போடு சேராது. உதவிக்கு ஓடிவந்த வண்டி, ஹோஸை மாட்ட முடியாமல் நிற்கும். 'ஸ்டாண்டர்டைசேஷன்' என்று நமக்கு முதலாண்டில் பாடம் எடுத்தபோது கொட்டாவி விட்டோமே, அது இல்லாவிட்டால் ஊர் எரியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 1941 ஆகஸ்டில் எல்லாப் படைகளையும் ஒன்றாக்கி 'தேசியத் தீயணைப்புப் படை' அமைத்தார்கள். போர் முடிந்தபின் 1948இல் அதைக் கலைத்து மறுபடியும் உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்த கை கீழே இறங்குமுன் அடுத்த பயம் வந்தது. 1949இல் சோவியத் யூனியன் முதல் அணுகுண்டை வெடித்தது. அடுத்த போரில் ஓர் ஊர் முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். குழாய் எல்லாம் உடைந்திருக்கும். அப்போது ஊருக்கு வெளியே இருக்கும் ஏரி, கால்வாய், ஆறு, எங்கிருந்தாவது தண்ணீரை மைல் கணக்கில் உள்ளே கொண்டுவர வேண்டும். சாலை மேல் கல்லும் மண்ணும் சரிந்து கிடக்கும், ஆற்றங்கரையில் சேறு இருக்கும். ஆகவே நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். துணைத் தீயணைப்புப் படையை மறுபடி உயிர்ப்பித்தார்கள். இந்த முறையும் தொண்டர்கள்தான். அவர்களுக்காகக் கட்டியதுதான் பச்சையம்மன்.

*  *  *

நம் கல்லூரி ப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் குழாய்க்குள் உராய்வினால் ஏற்படும் இழப்பை அளந்தது நினைவிருக்கிறதா? பாதரச மானோமீட்டரைப் பார்த்து ரீடிங் எடுத்ததைவிட முந்தைய பேட்ச் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எடுத்தவர்களே அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான். அதற்குப் பிராயச்சித்தமாக இந்தக் கணக்கைப் போட்டேன்.

நிமிஷத்துக்கு 4,000 லிட்டர் தண்ணீரை ஆறங்குலக் குழாயில் அனுப்பினால், வேகம் விநாடிக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டார்சி சூத்திரத்தில் உராய்வு எண்ணை 0.02 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 10 மீட்டர் அழுத்த உயரம் உராய்விலேயே போய்விடும். பம்பு கொடுப்பது சுமார் 70 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் என்று கொள்வோம். சமதரையிலேகூட 600, 700 மீட்டரில் மூச்சு நின்றுவிடும். அங்கே இன்னொரு வண்டி நின்று, வந்த தண்ணீரை வாங்கி மறுபடி தள்ள வேண்டும். எட்டு கிலோமீட்டர் தூரத்து ஏரி என்றால் கிட்டத்தட்ட ஒரு டஜன் வண்டி வரிசையாக நிற்க வேண்டும். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு சுமார் 32 மடங்கு. கணக்கு ஒத்தே வராது.

தீப்பிடித்தால் ஊர்க்காரர்கள் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடம் கை மாற்றுவார்களே, அதே முறைதான். குடத்துக்குப் பதில் குழாய். ஆளுக்குப் பதில் வண்டி. இப்படி வரிசையில் நிற்கும் வண்டிக்குப் பெரிய டேங்க் எதற்கு? முதல் நிமிஷச் சிறு தீக்கு இருபது விநாடித் தண்ணீர் போதும். எங்கள் நண்பனின் வகுத்தல் கணக்குக்கு இதுதான் விடை.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் போடும்போது என் மனசில் ஒரு நெருடல் இருந்தது. வரிசையில் நிற்கும் அந்த ஒரு டஜன் வண்டிகளை ஓட்ட ஆள் மிஞ்ச வேண்டுமே?

அந்தச் சந்தேகம் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் வந்தது. 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு, எதிர்பார்த்ததைவிடச் சுமார் இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்தது. அதன் பிறகு வில்லியம் ஸ்ட்ராத் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு ரகசியக் குழு ஆராய்ந்து 1955இல் அறிக்கை கொடுத்தது. ஒவ்வொன்றும் 10 மெகாடன் உள்ள பத்தே பத்து ஹைட்ரஜன் குண்டுகள் பிரிட்டன் மேல் விழுந்தால் 1 கோடியே 20 லட்சம் பேர் இறப்பார்கள், இன்னும் 40 லட்சம் பேர் படுகாயம் அடைவார்கள் என்றது அந்த அறிக்கை. அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2002இல்தான்.

வருஷத்தைக் கவனியுங்கள். பச்சையம்மன் வண்டிகள் கட்டப்பட்டது 1953 முதல் 1956 வரை. ஒருபுறம் பட்டறைகளில் வண்டிகளுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபுறம் பூட்டிய அறையில் இருந்த ஒரு காகிதம், வரப்போகும் போரில் இவை போதவே போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாலையில் வேலை முடிந்து, சம்பளமில்லாமல் வந்து ஹோஸ் பூட்டப் பழகிய அந்தத் தொண்டர்களுக்கு இது தெரியாது. 1940இல் பட்ட பாடத்தை மறக்காமல், அடுத்த தடவை தண்ணீர் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்கள் உழைப்பைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பொறியாளர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. போன போருக்கு மிகச் சரியான இயந்திரத்தை வரப்போகும் போருக்காகக் கட்டினார்கள்.

1968இல் செலவைக் குறைக்க துணைத் தீயணைப்புப் படையைக் கலைத்தார்கள். வண்டிகளை விற்காமல் கொட்டகைகளில் வைத்துப் பூட்டினார்கள்.

*  *  *

இப்போது மறுபடி எங்கள் டி.வி. திரைக்கு வருவோம். 1968இல் பூட்டி வைத்த வண்டி 1970களின் கடைசியில் தெருவில் என்ன செய்கிறது? அதற்கும் நிலைய அலுவலர்தான் வழி காட்டினான்.

"வண்டியையே பார்க்காதீங்கடா. ஓட்டுறவன் தலையைப் பாருங்க."

டிரைவர் தலையில் ஹெல்மெட் இல்லை. ராணுவத் தொப்பி.

"ஓரமா நிக்கிறவங்களைப் பாருங்க."

பிளாட்பாரத்தில் ஒரு தகர டிரம்மில் விறகு எரிகிறது. அதைச் சுற்றி ஏழெட்டு பேர் குளிர் காய்ந்துகொண்டு நிற்கிறார்கள். பின்னால் தீயணைப்பு நிலையத்தின் பெரிய கதவு, மூடியிருக்கிறது. பச்சை வண்டி போகும்போது அவர்கள் கண்கள் எல்லாம் அதன் பின்னாலேயே போகின்றன. கையசைப்பும் இல்லை, கூச்சலும் இல்லை.

1977 நவம்பர் 14. நமக்குக் குழந்தைகள் தினம். பிரிட்டனில் அன்றுதான் தீயணைப்புத் தொழிலாளர்களின் முதல் தேசிய வேலைநிறுத்தம் தொடங்கியது. விலைவாசி ஏறிக்கொண்டே போன காலம். வாரத்துக்கு 48 மணி நேர வேலை. 30 சதவீதச் சம்பள உயர்வு கேட்டார்கள். ஜேம்ஸ் கலகனின் அரசாங்கம் யாருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றது. அந்த ஒன்பது வாரமும் நாட்டின் தீயை அணைக்க ஆயிரக்கணக்கான படைவீரர்களை இறக்கினார்கள். சிவப்பு வண்டிகள் நிலையங்களுக்குள்ளேயே நின்றன. அப்போதுதான் கொட்டகைகளைத் திறந்து, இருபது வருஷத்துக்கு மேல் வயதான பச்சையம்மன்களை வெளியே கொண்டுவந்தார்கள்.

ஓட்டியவர்கள் சிப்பாய்கள். பெரும்பாலோருக்குச் சில நாள் பயிற்சிதான். வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டால் பெரிது. ஊரும் தெருவும் தெரியாது, ஆகவே முன்னால் ஒரு போலீஸ் கார். புகைக்குள் போகச் சுவாசக் கருவி அந்த வண்டியோடு வருவதில்லை. பம்பு வண்டிக்கு அது எதற்கு என்றுதான் முதலில் கட்டியவர்கள் நினைத்திருப்பார்கள். அணுகுண்டு விழுந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பிறந்த வண்டி, சமையலறைத் தீயையும் கிடங்குத் தீயையும் அணைக்கப் போனது.

இவ்வளவும் நாங்கள் பேசி முடித்தபோது டிசைன்காரன் நிலைய அலுவலரைப் பார்த்துக் கேட்டான்.

"நீ அங்க இருந்திருந்தா எந்தப் பக்கம் நின்னிருப்பே?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கையில் இருந்த உறைக்கு முகவரி எழுதி முடித்தான். பிறகு சொன்னான்.

"டிரம் பக்கத்துலதான் நின்னிருப்பேன். பிள்ளை குட்டி இருக்கே. ஆனா அந்த மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்தப் பையன் சக்ஷன் ஹோஸைச் சரியா மாட்டுவானான்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்திருக்கும்டா. காத்து இழுத்துச்சுன்னா பம்பு தண்ணி எடுக்காது. எதிர்ல வீடு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்."

அதற்குப் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் படித்த அதே சென்ட்ரிபூகல் பம்பு, அதே பிரைமிங். எங்களுக்கு அது பரீட்சைக் கேள்வி. அவனுக்கு அது உயிர்.

1978 ஜனவரி 16 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்ட 30 சதவீதம் கிடைக்கவில்லை. உடனடியாக 10 சதவீதம். ஆனால் இனிமேல் தீயணைப்பு வீரர் சம்பளம் உடலுழைப்புத் தொழிலாளர்களில் உயர்ந்த கால் பங்கினரின் ஊதியத்தோடு சேர்ந்து ஏறும் என்று ஒரு சூத்திரம் ஒப்புக்கொள்ளப்பட்டது. வார வேலை நேரத்தை 42 மணியாகக் குறைக்கவும் ஒப்புக்கொண்டார்கள். பச்சையம்மன்கள் மறுபடி கொட்டகைக்குப் போனார்கள்.

போனவர்கள் ஒரு தடவை அல்ல, மறுபடியும் வந்தார்கள். 2002 நவம்பர் 13இல் தொடங்கிய அடுத்த பெரிய போராட்டத்தில் சுமார் 19,000 படைவீரர்கள், 800க்கும் மேற்பட்ட பச்சை வண்டிகள். வண்டிகளுக்கு வயது கிட்டத்தட்ட ஐம்பது. ஓட்டிய சிப்பாய்களில் பலர் வண்டி கட்டிய பின் இருபது வருஷம் கழித்துப் பிறந்தவர்கள்! இந்தத் தடவை சுவாசக் கருவியும், நசுங்கிய காரை வெட்டும் கருவியும் உள்ள தனிக் குழுக்களைப் பச்சை வண்டிகளோடு சேர்த்து அனுப்பினார்கள். ஸ்ட்ராத் அறிக்கை வெளிவந்த அதே 2002இல் இது நடந்தது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

2004இல் தீயணைப்புச் சேவைகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. அவசர காலத்தில் தீயணைப்புப் படைகளின் வண்டிகளையே கொடுக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. இனி பழைய வண்டிகளைப் பூட்டி வைத்துக் காக்க வேண்டாம் என்று விற்கத் தொடங்கினார்கள். பல வண்டிகள் ஆப்பிரிக்க நாடுகளின் தீயணைப்புப் படைகளுக்குப் போயின. சில பழைய வண்டிப் பிரியர்களின் வீட்டுக் கொட்டகைகளில் இருக்கின்றன.

*  *  *

தம்பி தங்கைகளே, பொறியியல் படிக்கிற நமக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் மாடல் என்ன, வருஷம் என்ன, குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்போம். அதில் தப்பில்லை. மூக்கையும் முன் அச்சையும் பார்க்கத் தெரியாவிட்டால் மற்ற எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதி அடையாளம்தான் கிடைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நானும் பாதியோடு நிறுத்துகிறவன்தான்.

டேங்கையும் பம்பையும் வகுத்துப் பார்த்தபோது அது என்ன வேலைக்குப் பிறந்தது என்று தெரிந்தது. டிரைவரின் தொப்பியைப் பார்த்தபோது அது என்ன வேலை செய்ய நேர்ந்தது என்று தெரிந்தது. டிரம்மைச் சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தபோது, அந்த வேலை யாருடையது என்று தெரிந்தது. இந்த மூன்றையும் சொல்லித் தந்தவன் நாங்கள் படித்தபோது ப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருந்த அதே ஆள். பெயரைச் சொன்னால் உதைப்பான். சந்திப்பு விழாவுக்கு வருவான். டியூட்டி மாறினால்தான் வர முடியாது என்கிறான்.

நாளைக்கு நீங்கள் கட்டப்போகும் இயந்திரமும் உங்கள் வரைபடத்தில் இல்லாத ஒரு வேலைக்கு, உங்களுக்குத் தெரியாத ஒரு தெருவில் போய் நிற்கலாம். பயிற்சியில்லாத ஒரு பையன் அதை ஓட்ட நேரலாம். அவனையும் மனசில் வைத்துக்கொண்டு டிசைன் பண்ணுங்கள். முக்கியமாக, லேபில் ரீடிங்கை நீங்களே எடுங்கள். முந்தைய பேட்ச் நோட்டில் இருப்பது என் பேட்ச் நோட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். அது நாங்கள் எழுதிய பொய்!

அழைப்பிதழ்களை அன்று இரவு பத்து மணிக்குத்தான் எழுதி முடித்தோம். ஒரு டஜன் உறைகளில் பின்கோடு தப்பாகப் போயிருக்கிறது என்று கேள்வி. அழைப்பிதழ் தாமதமாக வந்தவர்கள் பச்சையம்மனைக் கோபித்துக்கொள்ளுங்கள், எங்களை மன்னித்துவிடுங்கள்.

விழாவில் சந்திப்போம். வளர்க நம் கல்லூரி!